தட்டையாகக் கிடக்கும் போர்வை

மயிலாப்பூர் ஆஸ்பத்திரி ஜன்னலில், குண்டுவீச்சுக்குப் பயந்து ஒட்டிய கறுப்புத் தாளின் கிழிசல் வழியே சாயங்கால வெயில் ஜஹனாராவின் கட்டிலில் விழுகிறது. அருகே அவள் புருஷன் அன்வர் பாஷா, பெருவிரல் மையை லுங்கியில் தேய்த்துக்கொண்டே இருக்கிறான். "செத்தாலும் பரவால்ல, என் காலை வெட்ட வுடாதீங்க," என்று நேற்று அவள் சத்தியம் வாங்கியிருந்தாள். ஜுரத்தில் அவள் நினைவு தப்பியதும், புரையோடிய காலை எடுக்காவிட்டால் உயிர் தங்காது என்று டாக்டர் நீட்டிய சம்மதப் பத்திரத்தில் அவன் கைநாட்டு வைத்துவிட்டான். டிராம் மணி கேட்டு அவள் கண் திறக்கிறாள். ஒரு முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடப்பதைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைத்தான் பார்க்கிறாள். "நீங்க வெட்ட வுட மாட்டீங்கன்னு தெரியும்," என்கிறாள். "பாதம்தான் அரிக்குது. கொஞ்சம் சொறிஞ்சு வுடுங்க." அவன் கை போர்வைக்குள் போய், வெறும் மெத்தையின்மேல் நிற்கிறது.