ஒரு கிலோமீட்டர் கட்டம்

கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஓர் ஏரியைத் தூர்த்து, மனை போட்டு, வீடும் கட்டி விற்றிருந்தார்கள். அங்கே வெள்ள அபாயம் இல்லையென்று பொறியாளர் நௌஷீன் கணினியில் ஒரு வெள்ள மாதிரியை ஓட்டி அறிக்கை தர வேண்டும். நிலத்தை முப்பது மீட்டர் கட்டங்களாகப் பிரித்திருந்தாள். திரையில் ஏரிப் பள்ளம் அப்படியே தெரிந்தது.

"கட்டத்த ஒரு கிலோமீட்டர் ஆக்கும்மா. சராசரில ஏரி காணாம பூடும்," என்றார் மேலாளர் புகழேந்தி, வாய் கூசாமல். போண்டா எண்ணெயை வரைபடத்திலேயே துடைத்தார். அவள் வரைபடத்தைத் தள்ளி வைத்தாள். ஆனாலும் மாற்றினாள்.

மற்ற எல்லாக் கட்டங்களிலும் வெள்ளம் பூஜ்யம். அந்த மனைகள் இருந்த கட்டத்தில் மட்டும் 1.2 மீட்டர் தண்ணீர். மழையையே பூஜ்யமாக்கி ஓட்டினாள். அப்போதும் 1.2.

மறுநாள் நேரில் போனாள். மே மாத வெயிலில் மண் வெடித்துக் கிடந்தது. ஆனால் எல்லா வீட்டுச் சுவர்களிலும் மார்பளவு உயரத்தில் பிசுபிசுவென்று ஒரு கறுப்புக் கோடு. சாக்கடை நாற்றம். ஒரு பெண் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"டெய்லி தொடச்சிக்கினுதான் கீறேன். காலைல பாத்தா திரும்ப வந்துகீது. இந்த நாத்தத்துல சோறு எறங்க மாட்டேங்குது."

நௌஷீன் டேப்பை வைத்து அளந்தாள். 1.2 மீட்டர்.

மாலையில் அலுவலகத்தில், அபாயம் இல்லையென்று தானே திருத்திய அறிக்கையைப் புகழேந்தி நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள். இன்னொரு போண்டா எடுக்க அவர் எழுந்தபோது, வெள்ளைச் சட்டையின் மார்புக்குக் குறுக்கே அதே கோடு ஈரமாக இருந்தது. அவர் மென்றுகொண்டே சிரித்தார்.

நாற்றம் அவரிடமிருந்து மட்டும் வரவில்லை. நௌஷீன் குனிந்து தன்னைப் பார்த்துக்கொள்ளவில்லை.