பனிக்குப் போர்த்தியது

இரவில் கடற்கரையைச் சுத்தம் செய்யும் தானியங்கி வண்டி, பக்கத்தில் ஆள் இல்லாத எந்தப் பொருளையும் விட்டுவைக்காது. மனித முகம் தெரிந்தால் மட்டும் விலகிப் போகும். அதனால் அப்பா தினமும் எங்கள் வலையருகே மணலில்தான் படுப்பார்.

தூக்கம் வராமல் அம்மாவை எழுப்பினேன்.

"ம்மா, ஒண்ணு சொல்றேன், திட்டாத. அப்பா இருமிக்கிட்டே தூங்குனாரு. பனி கொட்டுதேன்னு தார்ப்பாயப் போத்திட்டு வந்தேன்."

"மொகத்தையுமாடி மூடுன?"

"நெனப்பே வரலம்மா. இப்பதான் வந்துச்சு."

அம்மா அவிழ்ந்த தலையோடு ஓடினாள். நானும் ஓடினேன். நான் திரும்பிய பிறகு பூட்டிக்கொண்ட கடற்கரைக் கதவு இனி விடியும்வரை திறக்காது. கம்பியைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏங்க! எந்திரிச்சி உக்காருங்க!"

அலை இரைச்சலில் பக்கத்தில் நின்ற எனக்கே அது சரியாகக் கேட்கவில்லை. வண்டியின் விளக்கு எங்கள் வலை கிடந்த இடத்தில் நின்றது. பிறகு நகர்ந்தது.

என் போன் அதிர்ந்தது.

'உங்கள் பொருள்கள் அகற்றப்பட்டன. வலை ஒன்று. தார்ப்பாய் ஒன்று, மடித்துக் கட்டப்பட்டது, எடை எழுபது கிலோ. காலையில் வந்து பெற்றுக்கொள்ளவும்.'

கண்ணாடி இல்லாமல் அம்மாவுக்கு எழுத்து தெரியாது.

"என்னடி போட்டிருக்கு? வாயத் தொறந்து படிடி," என்றாள்.