ஏழாம் கட்டிலின் ஈரம்

மழை பெய்தால் அரசு மருத்துவமனையின் ஏழாம் கட்டில் மட்டும் நனைந்தது. கூரையில் விரிசல் இல்லை; அந்தப் பக்கம் குழாயும் இல்லை. இரண்டு முறை பூசியும் சொட்டு நிற்கவில்லை. வேறு கட்டில் காலியில்லாததால், அதில் இருந்த பெரியவர் தலைமாட்டில் குடை வைத்துக்கொண்டு படுத்தார்.

மூன்றாவதாக வந்த கொத்தனார், மொட்டைமாடிக்குப் போய் முகப்புச் சுவரில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு இறங்கி வந்தார். பெரியவரின் குடைமேல் சொட்டியது.

“பிடிச்சிட்டேன் சிஸ்டர்! முகப்புல பெருசா பேர் வச்சிருக்காங்கல்ல, ஒவ்வொரு எழுத்துக்கும் நாலு போல்ட். தண்ணி அந்த ஓட்டை வழியா உள்ள இறங்கி, இங்க வந்து சொட்டுது. ஊர் வரிப்பணத்துல கட்டிட்டு, பட்டத்தோட பதினெட்டு எழுத்து வச்சிருக்காரு மனுஷன்!”

நர்ஸ் அவசரமாக இருமினார். “மெதுவா பேசுங்க மேஸ்திரி. பழைய மந்திரி பேரு அது. கைவச்சா அவரோட ஆளுங்க சண்டைக்கு வந்துடுவாங்க.”

“வரமாட்டாங்கம்மா” என்றார் பெரியவர், குடையை மடக்கியபடி. “பத்து நாளா இங்க படுத்திருக்கேன். என்னைப் பார்க்கவே ஒருத்தனும் வரலை.”

கொத்தனார் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார்.

“ஐயா... தெரியாம பேசிட்டேன்.”

“பரவாயில்லை, சம்மதம்னு எழுதித் தர்றேன். எழுத்தைக் கழட்டினா போதுமா?”

“போதாதுங்கய்யா. கழட்டிட்டு, எழுபத்திரண்டு ஓட்டையையும் சிமென்ட் வச்சு அடைக்கணும். அப்புறம் சொட்டாது.”