அந்த மாதத்தின் ஒரே விற்பனை

ஆறுமுகநாதன் அன்று கடைக்கு வந்தது காலையிலா, மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகா என்பது நளீமுக்கு இப்போது சரியாக நினைவில்லை. மழை பெய்ததாகக்கூட ஒரு ஞாபகம், அதுவும் நிச்சயமில்லை. ஆனால் கண்ணாடி அலுமாரிக்குள் இருந்த அந்த விலையுயர்ந்த போனை அவர் குனிந்து பார்த்த பார்வையை அவனால் மறக்க முடியவில்லை. ஆசைப்பட்ட மனிதனின் பார்வை என்றுதான் அப்போது நினைத்தான்.

மாத்தளை, திருகோணமலை வீதியில் நளீமின் போன் கடை. அந்த உயர்ந்த ரகத்தை விற்கும் உரிமையைக் கொழும்பு ஏஜென்ட் கொடுத்திருந்தார். இந்த மாதமும் ஒன்றாவது போகாவிட்டால் உரிமை போய்விடும். வாசலில் எரியும் போர்டைக் கழற்றிக்கொண்டு போவார்கள். அதன்பிறகு போன்களுக்கு ரீலோட் காசு போட்டும் உடைந்த திரை மாற்றியும்தான் காலம் தள்ள வேண்டும். அன்று மாதத்தின் கடைசி நாள்.

ஆறுமுகநாதன் மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு கிழமையாகத் தினமும் வந்தார். விலை கேட்டார், தர்க்கம் செய்தார், வெறுங்கையோடு போனார். அன்றும் விலையில்தான் தொடங்கினார்.

"உந்தப் போனைச் செய்யிறதுக்கு உண்மையில எவ்வளவு காசு முடியும் தம்பி? உள்ளுக்க கிடக்கிற சாமானெல்லாம் கூட்டினாலும் விலையில பாதி வராதாமே?"

"சாமான் மட்டுமா சேர்? வரி இருக்கு, டொலர் இருக்கு, கொழும்பு ஆளுட கமிஷன் இருக்கு. எல்லாம் போக எங்க கையில நிக்கிறது டீ குடிக்கத்தான் காணும்."

"அப்ப மிச்சம் ஆருக்குப் போகுது?"

"கம்பெனிப் பேருக்கு சேர்," என்றான் பஸ்லி. நளீமின் மச்சான், கடையில் பங்காளி. "அந்தப் பேருக்குத்தான் சனம் காசு குடுக்குது."

"சனம் இப்ப குடுக்கிறேல்லையாமே. உந்த ரகம் முந்தி மாதிரி விக்கிறேல்லையெண்டு பேப்பரில போட்டிருக்கு."

"பேப்பர்க்காரன் எங்க கடைய எட்டிப் பாத்துட்டுப் போய் எழுதியிருப்பான்."

நளீம் மச்சானை முறைத்துவிட்டு போனை எடுத்துக் கமராவைக் காட்டினான். ஆறுமுகநாதன் அதைப் பார்க்கவே இல்லை.

"படம் கிடக்கட்டும். எந்த நிறம் விலை விழாமல் நிக்கும்?"

"கறுப்பு சேர். கறுப்பை யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க."

பஸ்லி நளீமின் காதோரம் குனிந்தான். "யாழ்ப்பாணத்து ஆளுங்க இப்படித்தான் மச்சான். வாங்க முந்தியே விக்கிறதப் பத்தி யோசிப்பாங்க."

நளீமுக்கும் சிரிப்பு வந்தது. துருவித் துருவிக் கேட்டுத்தான் அவர்கள் எதையும் வாங்குவார்கள், ஆனால் வாங்கிவிடுவார்கள். அந்த நம்பிக்கையில்தான் ஒரு கிழமையாகப் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆறுமுகநாதனின் சட்டைப்பையில் பழைய பட்டன் போன் அடித்தது. "ஓம் நிரஞ்சலா, கடையிலதான் நிக்கிறன். இண்டைக்கு எப்பிடியும் முடிச்சுப்போடுவன்," என்றார்.

போனை உள்ளே வைத்துவிட்டு அலுமாரியை மறுபடி குனிந்து பார்த்தார். வீட்டம்மா பிடிவாதமாக இருக்கிறாள் போலும் என்று நளீம் நினைத்துக்கொண்டான்.

"தவணைக்குத் தருவியளோ தம்பி?"

"உங்களுக்கு இல்லாமலா சேர்? அரசாங்கச் சம்பளம்னா பினான்ஸ் கம்பெனிக்காரங்க ஓடிவந்து குடுப்பாங்க."

ஓடித்தான் வந்தார்கள். கேட்ட இடங்களிலெல்லாம் ஆறுமுகநாதன் கையெழுத்துப் போட்டார், ஒன்றையும் வாசிக்கவில்லை. அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

புதிய பெட்டியின் சீல் தாளை உரிக்க நளீம் நகத்தை வைத்தான். அவர் சட்டென்று அவன் கையைப் பிடித்தார்.

"உடைக்க வேண்டாம்."

"மகளுக்கா சேர்? சர்ப்ரைசா?"

அவர் பெட்டியைக் கடைப் பையில் போட்டுக்கொண்டார். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீதியில் இறங்கி நடந்தார்.

பஸ்லி அந்த நிமிடமே கொழும்புக்குச் செய்தி அனுப்பினான். "போர்டு தப்பிச்சிருச்சு மச்சான்!"

"அல்ஹம்துலில்லாஹ்," என்று நளீம் கதிரையில் சாய்ந்தான். பக்கத்துக் கடையிலிருந்து இரண்டு பிளேன்டீ வந்தது. எத்தனையோ நாட்களுக்குப் பிறகு அன்றுதான் தேநீரின் இனிப்பு அவன் நாக்குக்குத் தெரிந்தது.

குடித்து முடிப்பதற்குள் ஆறுமுகநாதன் மறுபடி வாசலில் நின்றார்.

"என்ன சேர், கலர் மாத்தணுமா?"

இல்லையென்று தலையசைத்தார். உள்ளே வந்து பையை மேசைமேல் வைத்தார். நளீமைப் பார்க்காமல், வைத்த பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் கண்டியில என்ர மனுசிக்கு ஒப்பரேசன். காசாக் கேட்டால் ஒருத்தரும் தரமாட்டினம். போனெண்டால் தவணைக்குத் தருகினம்."

பஸ்லி கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தான்.

"சீல் உடைக்கேல்லை தம்பி. நீங்களே திருப்பி எடுத்தால் எவ்வளவு காசு தருவியள்?"