முகம் பொருந்தவில்லை

நைட்டிக்கு மேல் போட்டிருந்த துண்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் கதவோரம் நின்றாள்.

வெளிச்சம் முதுகுப் பக்கம் இருந்தது. அதற்காகத்தான் அங்கே நின்றாள்.

அங்கன்வாடி டீச்சர் போனை உயர்த்தினார். பழைய போன். பின்னால் ஒரே ஒரு கேமரா. அதன் கண்ணாடியிலும் கீறல்.

திரையில் ஒரு வட்டம். அதற்குள் முகம் வர வேண்டும். கண் சிமிட்டச் சொல்லும், சிமிட்ட வேண்டும். ஏற்கெனவே பதிந்த படத்தோடு பொருந்தினால் பச்சை. பச்சை வந்தால்தான் சத்துமாவு.

அவளுக்கு ஏழாம் மாதம். போன முறை எடை பார்த்த நர்சு உதட்டைப் பிதுக்கியிருந்தாள்.

சிவப்பு.

முகம் பொருந்தவில்லை.

"சித்த வெளிச்சத்துக்கு வா கண்ணு."

அரை அடி நகர்ந்தாள். இடது பக்கத்தை இருட்டிலேயே வைத்துக்கொண்டாள்.

வெளிச்சம் போதாவிட்டால் சின்னக் கேமரா தெரியாததைத் தானே இட்டு நிரப்பிவிடும். கன்னம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் புள்ளிகள். கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்பு. அது யாருடைய முகமாகவும் இருக்கலாம்.

அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

மறுபடி சிவப்பு.

"டீச்சர் போன்ல எடுத்தா நானும் எங்கூட்டு நாயும் ஒண்ணாத்தான் தெரிவோம்" என்றாள், பின்னால் நின்ற இளவரசி.

வரிசை சிரித்தது. டீச்சரும் சிரித்தார். "பழசாயிருச்சு. நான் என்னடி பண்றது."

அவளும் சிரித்தாள். உதட்டின் ஒரு ஓரம் மட்டும் அசைந்தது.

கேமரா சரியில்லை. எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

"அடுத்த வாரம் வர்றனுங்க டீச்சர்."

"இன்னைக்கே கடைசி கண்ணு. எடுக்காட்டி இந்த மாசத்துது போச்சு."

இளவரசி தன் போனை நீட்டினாள். "இதுல எடுங்க. போன வாரந்தான் அவரு வாங்கிக் குடுத்தாரு. மூணு கேமரா. பூனை முடிகூடத் தெரியுமாக்கும்."

டீச்சர் அந்த போனில் தன் எண்ணைப் போட்டு அங்கன்வாடி செயலியைத் திறந்தார்.

வேண்டாம் என்று அவள் சொன்னாள். யாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லவில்லை.

"மூஞ்சிய மூடிட்டு நின்னா அது என்ன பண்ணும் புள்ள?" இளவரசி துண்டை விலக்கினாள். தோளைப் பிடித்து வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அன்பாகத்தான் செய்தாள்.

முதலில் பவுடர் தெரிந்தது. துகள் துகளாக.

பிறகு பவுடருக்கு அடியில் இருந்தது.

கண்ணைச் சுற்றி மஞ்சள். மஞ்சளின் மேல் ஊதா. பழையது வேறு, புதியது வேறு என்று தெரிந்தது. கன்னத்தில் விரல்கள். விரல்களுக்கு நடுவே இருந்த இடைவெளியும்கூட.

இவ்வளவு நேரம் அவர்கள் அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தார்கள்.

திரையில்தான் பார்த்தார்கள்.

கண் சிமிட்டச் சொன்னது. வலது கண் சிமிட்டியது. இடது கண் பாதியில் நின்றது.

சிவப்பு.

இந்த முறை யாரும் கேமராவைக் குறை சொல்லவில்லை.

ஒருத்தி தன் குழந்தையின் சட்டைப் பித்தானைக் கழற்றி மறுபடி போட்டாள். இளவரசி தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது ஏதோ தப்பு செய்துவிட்டது போல.

டீச்சர் ஏதோ கேட்க வாயெடுத்தார். கேட்டால் அவள் சொல்லிவிடக்கூடும். சொல்லிவிட்டால் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும்.

"பழைய போட்டோவ எடுத்துட்டு இதையே பதிஞ்சு உட்டறட்டா கண்ணு?"

அவள் தலையசைத்தாள்.

பழைய படம் ஒரு கணம் திரையில் வந்தது. நாள் தள்ளிப்போனது உறுதியானதும் டீச்சரின் போனில் எடுத்தது. கலங்கலாக இருந்தது. மூக்கு எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள், அது தெரிந்தது.

நீக்கவா என்று கேட்டது. டீச்சர் ஆம் என்பதைத் தொட்டார்.

புதிய படம் அந்த இடத்தில் போய் உட்கார்ந்தது. அத்தனை தெளிவு.

பச்சை.

சத்துமாவு பாக்கெட்டுகளை டீச்சர் பையில் போட்டுக் கொடுத்தார். ஒன்று கூடவே போட்டார். அவளைப் பார்க்காமல், பையின் காதைச் சுருட்டியபடி மெதுவாகச் சொன்னார்.

"ஆறிருச்சுன்னா இது பொருந்தாது. அடுத்த மாசம் வேற எடுத்துக்கலாம்."

அடுத்த மாதம் வேறு எடுக்க வேண்டியிருக்கவில்லை.

முதல் தடவையிலேயே பச்சை வந்தது.