கதவில்லாத எட்டடி

"உள்ள வந்து அளந்துட்டுப் போங்க சார்" என்று வீட்டு வரி பில் கலெக்டரைப் பெனிஷா கூப்பிட்டேவிட்டாள். வரி எவ்வளவு வந்தாலும் வாயை மூடிக்கொண்டு கட்டு, வீட்டை அளக்க மட்டும் யாரையும் கூப்பிடாதே என்று அம்மா பவுலினா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஆனால் அப்பா போன வருஷம் போய்ச் சேர்ந்ததில், வீடு இப்போது பெனிஷாவின் பேருக்கு மாற வேண்டும். இருப்பது கூடமும் சமையலறையும்தான். ரசீதில் மட்டும் மூன்று அறை. இல்லாத அறைக்கு நான் ஏன் வரி கட்டணும் என்று மேல்முறையீடு எழுதிப் போட்டிருந்தாள்.

பில் கலெக்டர் டேப்பை இழுத்தார். வெளியே நீளம் முப்பத்திரண்டு அடி. உள்ளே, சுவர்களையும் சேர்த்து, இருபத்துநான்கு. மறுபடி அளந்தார். அதேதான்.

"எட்டடி மிச்சம் நிக்குதேம்மா. அந்த ரூமுக்குக் கதவு எங்க?"

"ரூமே இல்லைங்கறேன், கதவக் கேட்டா?"

அவர் படிவத்தைப் புரட்டினார். "நான் எதையாவது எழுதியாகணுமே. சொந்தக் குடியிருப்பா, வாடகையா?"

வெங்காயம் அரிந்துகொண்டிருந்த பவுலினா தலை நிமிரவில்லை. "சொந்தம்னே போடுங்க சார். நம்ம ஆளுங்கதான்."

"எத்தன பேரு?"

"போன வருஷம் வரைக்கும் ரெண்டு. இப்ப மூணு."

பெனிஷா பெயர் மாற்றப் படிவத்தைக் கையெழுத்துப் போடாமலே நாற்காலியில் வைத்தாள். கம்பெனி பேக்கைத் தோளில் மாட்டினாள். அவர் எழுதி முடிப்பதற்குள், வேலை பார்க்கும் ஓசூருக்குப் பஸ் நிற்கும் பக்கம் பாதித் தூரம் நடந்திருந்தாள்.