கனம் கூட்டிய ரோலர்கள்

மின்சாரம் போன பட்டறைக்குள் மத்தியான வெயில் வாசலோடு நின்றுவிடுகிறது. மகளின் ஸ்கூட்டரில் பெல்ட் மூடியை மெக்கானிக் கழற்றி, வேரியேட்டரைப் பிரித்து, வண்டியின் இழுவையைத் தீர்மானிக்கும் ரோலர்களைத் தகரத் தட்டில் கொட்டுகிறார். கறுப்புத் தூசி படிந்த அந்தக் குட்டி உருளைகள் ஒன்றையொன்று முட்டி அடங்குகின்றன. அப்பா குனிந்து செல்போன் விளக்கைப் பிடித்திருக்கிறார். "மேட்டுல திரும்புறேன், எதிர்ல லாரி. முழுசா முறுக்குறேன், வண்டி முக்குதே தவிர நகரல அண்ணே. மயிரிழைல தப்பிச்சேன்," என்று மகள் சிராய்த்த முழங்கையை ஊதிக்கொள்கிறாள். பறக்கிறாளே என்று பயந்து, போன மாதம் அவளுக்குத் தெரியாமல் கனமான ரோலர் போடச் சொன்னவர் அப்பாதான். "பிக்கப் செத்துடும் சார், மேடு ஏறாது," என்று மெக்கானிக் அன்றே தலையைச் சொறிந்தார். "மெல்லப் போகட்டும்ப்பா, வீடு வந்து சேர்ந்தா போதும்," என்று அப்பா சிரித்தார்.

மெக்கானிக் ஒரு ரோலரை எடுத்து உள்ளங்கையில் உருட்டுகிறார். "தேஞ்சுடுச்சா அண்ணே?" என்கிறாள் மகள். "தேயலம்மா," என்கிறார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல். போன மாதம் கழற்றி வைத்த பழைய ரோலர்கள் கிடக்கும் டப்பாவை நோக்கிப் போன அவர் கை பாதியில் நிற்கிறது. தட்டின் மேல் விழும் வெளிச்சம் ஆடுகிறது. உருளைகளின் நிழல்கள் நீண்டு சுருங்குகின்றன. மகள் சிராய்த்த கையை நீட்டி அப்பாவின் மணிக்கட்டைத் தாங்கிப் பிடிக்கிறாள்.

"எனக்குத்தான் ஒண்ணும் ஆகலையே. ஏன்ப்பா இப்படி நடுங்குறீங்க?"